ஏசிக்குள்ள குடித்தனம்

எங்க வீட்டு மாடி ரூம் ஏசிக்கு வருசத்துல ஒரு மாசம்தான் வேலை. வீட்டுக்காரர் துபாயிலேருந்து லீவுல வர்ற மாசம். மத்த நாளெல்லாம் அந்த ரூமைப் பூட்டியே வச்சிருப்பேன். காரைக்கால்ல எங்க தெருவுல வெளிநாட்டுல சம்பாதிக்கிற சபுராளி வீடு எல்லாத்துலயும் இதே கதைதான். அவங்க சம்பாத்தியத்துல வாங்குனதை அவங்க இல்லாதப்ப போட்டுக்கிட்டுப் படுத்தா நல்லாவா இருக்கும்?

அவர் வர்றதுக்கு முன்னாடியே மெக்கானிக்கைக் கூப்புட்டு சர்வீஸ் பண்ணி வச்சுடுவேன். இந்தத் தடவை அவர் வந்து இறங்குன மறுநாள்தான் மெக்கானிக் தம்பிக்கு ஒழிஞ்சுது. ஜன்னலுக்கு வெளியில மாட்டியிருக்கிற பெட்டியத் திறக்கப் போனவர், "அக்கா, இதுக்குள்ள குடித்தனம் நடக்குது"ன்னார். எட்டிப் பாத்தேன். காத்தாடிக்குப் பின்னால வைக்கோலும் தேங்கா நாரும். நடுவுல முடியே முளைக்காத மூணு சிட்டுக்குருவிக் குஞ்சு, வாயைப் பொளந்துகிட்டு. மாஷா அல்லாஹ்! வாய்தான் இருந்துச்சு, உடம்பைக் காணோம்.

"எடுத்துப் போட்டுடவாக்கா? ரெண்டு நிமிச வேலை."

"கைய வச்சீங்க, அவ்வளவுதான்!"னு கத்திட்டேன்.

பின்னால ரிமோட்டோட நின்ன மனுசன் முகத்தைப் பாக்கணுமே. பாவம், சித்திரை வெயில் வேற கொளுத்துது. "கெடைக்கிறதே ஒரு மாசம். அதுலயும் வேர்த்து ஒழுகணுமா புள்ள? என்னைவிட குருவி பெருசா?"ன்னார்.

"போட்டா குஞ்சு காத்தாடில அடிபட்டுச் செத்துடும் மச்சான். மனசு வந்தா நீங்களே போட்டுக்கங்க"ன்னுட்டு கீழ இறங்கிட்டேன். சொல்லிட்டேனே தவிர, கோவத்துல அமுக்கிட்டார்னா? ஏசி சத்தம் வருதான்னு அடுப்பங்கரையில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். வரல. கொஞ்ச நேரத்துல அவர்தான் வந்தார், பாயும் தலையணையுமா. ஹால்ல விரிச்சுப் படுத்துட்டார்.

மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே ரெண்டு நாள் ஓடுச்சு. அப்புறம் கருக்களாச்சேரிக்குப் போய் மீன் வாங்கியாந்தார். மீன் வாசத்துக்கு வந்த பூனை, மீனை விட்டுட்டு மாடிச் சுவர்ல ஏறி குருவிச் சத்தம் வந்த பக்கம் பதுங்குச்சு. செருப்பைத் தூக்கிக்கிட்டு இவர் ஓடுனார் பாருங்க ஒரு ஓட்டம்! கைலி அவுந்ததுகூடத் தெரியல. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுது.

அன்னையிலேருந்து அவர் மாடி ஜன்னலை விட்டு நகரல. மண்சட்டியில தண்ணி வச்சார், நொய்யரிசி போட்டார். டீயும் கையுமா உக்காந்து, "அம்மாக்காரி புழு கொண்டாந்துட்டா", "இந்த ஆம்பள சும்மா கத்துறான்"னு ஓயாத வர்ணனை. நானும் பக்கத்துல உக்காந்துக்குவேன். போன லீவெல்லாம் கதவை அடைச்சுக்கிட்டுத் தூங்கியே கழிச்ச மனுசன், இந்தத் தடவை எவ்வளவு பேசுனார் தெரியுமா! துபாய்ல அவர் ரூம்ல ஜன்னலே திறக்க முடியாதாம். இத்தனை வருசத்துல எனக்கு அது தெரியாது. வேர்வையில தொப்பலா நனைஞ்சுகிட்டு அவ்வளவு சந்தோசமா இருந்தேன்.

குஞ்சுங்க ஒண்ணொண்ணா முருங்கை மரத்துக்குப் பறந்துச்சு. கடைசிக்குட்டி தடுமாறிக் கீழ விழுந்தப்ப, துண்டுல ஏந்திக் கிளையில விட்டது அவர்தான். லீவு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்துச்சு. "இனி ஜம்முன்னு தூங்குங்க மச்சான்"னு நானே ரிமோட்டை எடுத்துக் கொடுத்தேன். அமுக்கப் போனவர் அப்படியே நின்னுட்டார். வெளியில அதே அம்மாக்காரி, வாயில புதுசா ஒரு நார்.

"அடிப்பாவி, மறுபடியுமா!"ன்னார்.

ரிமோட்டைப் பீரோவுல வச்சோம். துபாய்க்குக் கிளம்புற அன்னைக்கு, பெட்டி கட்டுனது போக மிச்சமிருந்த டேப்பை எடுத்துட்டுப் போய் ஏசி சுவிட்சு மேல குறுக்கும் நெடுக்குமா ஒட்டுனார்.

"நான்தான் போடவே மாட்டேனே, எனக்கு எதுக்கு மச்சான் இந்தக் காவல்?"

"உனக்கில்ல புள்ள. அடுத்த லீவுல வந்ததும் என் கை சும்மா இருக்காதுல்ல, எனக்குத்தான்."