கேட்காத கேள்வி

மிக்கெலி நகரத்தில் ஓட்டுநர் தேர்வில் ராய்லியிடம் தோற்காதவர்கள் குறைவு. வாரத்தில் ஐந்து நாள் அவள் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, திரும்பும் விளக்கைப் போடாதவர்களைத் தோற்கடிப்பாள். சனிக்கிழமை என் விளையாட்டுச் சாமான் கடைக்கு வந்து, மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு, சீட்டாட்டப் போட்டிகளுக்கு நடுவராக நிற்பாள். பதினோரு வருடமாக இதே கதை. கூலி கிடையாது; காப்பியும் இலவங்கப்பட்டை பன்னும் மட்டும்தான்.

அவள் நாட்டின் மேற்குக் கரைக்காரி. அந்தப் பக்கத்தில் ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை. மணமுறிவுக்குப் பிறகு வேலை மாற்றலாகி இங்கே சாவோ வட்டாரத்துக்கு வந்து இருபத்தாறு வருடமாகிறது. எங்களிடம் நேரான பதிலை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. 'சாவோக்காரன் வாயைத் திறந்தால் பொறுப்பு கேட்பவன் தலையில்' என்று நாடே எங்களைக் கிண்டல் செய்யும். மழை வருமா என்று கேட்டால், வந்தாலும் வரும் என்போம். அதை ஒரு பதில் என்றும் நினைத்துக்கொள்வோம்.

நெருப்பு, கேடயம், மிருகம் என்று படம் போட்ட சீட்டுகளை வைத்து மோதும் இந்த ஆட்டத்துக்கு அது ஆகாது. ஒருவன் சீட்டை இறக்கினால், அது வேலை செய்வதற்கு முன்னால் எதிராளிக்குத் தடுக்க ஒரு வாய்ப்பு உண்டு. இறக்கினவன் 'தடுக்கிறாயா' என்று கேட்க வேண்டும். மற்றவன் 'தடுக்கவில்லை' என்று சொன்ன பிறகே மேலே போக வேண்டும். ராய்லி இதைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஆட வருகிறவர்கள் அந்தத் தாளின் மேல் ஈரக் கையுறைகளைக் காயப்போட்டார்கள். என் கண் முன்னால் நடந்தது. எனக்கே அவர்களை அறையலாம் போலிருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, போட்டி முடிந்து கோப்பை கழுவும்போது, ராய்லியிடம் என் மனதைச் சொன்னேன். கடைக்கு மேலே உள்ள வீடு ஒற்றை ஆளுக்குக் கொஞ்சம் பெரிசுதான் என்றேன். அவள் "ஆமா, பெரிசுதான்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைத் துடைத்தாள். அவ்வளவுதான். இந்த அறுபது வயதில், ஒருத்தி வேண்டாமென்றுவிட்ட ஊரில் வாராவாரம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாழ என்னால் முடியாது. கடையை விற்றுவிட்டுத் தம்பி இருக்கும் துர்க்கு நகரத்துக்குப் போவதென்று முடிவு செய்தேன். ஹெல்சிங்கியிலிருந்து ஒருவர் வந்து கடையைப் பார்த்தார். நவம்பரில் ஒரு திங்கட்கிழமை சாவி வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமைதான் இறுதி ஆட்டம். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஒஸ்காரியும், பல் மருத்துவர் தொபியாஸும் மோதினார்கள். ஒஸ்காரி நெருப்புச் சீட்டை இறக்கி, "இதுவும் இங்க கிடக்கட்டும்" என்றான். தொபியாஸ் தாடியைத் தடவிக்கொண்டு, "கிடந்தாலும் கிடக்கலாம்" என்றான். உடனே ஒஸ்காரி, தொபியாஸின் கரடிச் சீட்டு எரிந்துவிட்டதாக அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த சீட்டையும் எடுத்துப் பார்த்துவிட்டான். அப்போதுதான் தொபியாஸ் கேடயச் சீட்டைக் காட்டி, நான் தடுக்கப் போகிறேனே என்றான். நடுவரைக் கூப்பிட இருவரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள்.

ராய்லி வந்து நின்றாள். முதலில் ஒஸ்காரி கால் மணி நேரம் விளக்கினான். தொபியாஸ் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விளக்கினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஒஸ்காரி, தடுக்கிறியான்னு அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்ட மாதிரிதான்."

"கேட்டியா, இல்லையா? வாயில என்ன, பன்னை அடைச்சு வெச்சிருக்கியா?"

"அவன் முகத்தைப் பார்த்தேன். அதுல இல்லைன்னு இருந்துச்சு."

"முகத்துல ஒண்ணும் இருக்காது, தாடிதான் இருக்கும். நீ கேக்கவே இல்ல. கேக்காத கேள்விக்கு அவன் எப்படிப்பா பதில் சொல்லுவான்? நீயா ஒரு பதிலை வெச்சுக்கிட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டே."

தப்பு நடந்த இடத்துக்கு ஆட்டத்தைத் திருப்பச் சொன்னாள். எடுத்த சீட்டைச் சீட்டுக்கட்டுக்குள் போட்டுக் கலைக்க வைத்தாள். தொபியாஸ் தடுத்தான், கரடி பிழைத்தது, அரை மணியில் அவனே ஜெயித்தான். ஒஸ்காரி யாரிடமும் சொல்லாமல் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரம் வருவான், வந்தாலும் வருவான்.

எல்லாரும் போனதும் ராய்லி மஞ்சள் சட்டையை மடித்து என்னிடம் நீட்டினாள். புதுக் கடைக்காரரிடம் கொடுத்துவிடு, அவருக்கு நான் நடுவராக நிற்க மாட்டேன் என்றாள். பிறகு நேராகக் கேட்டாள்.

"எதுக்கு கௌக்கோ நீ போறே?"

"நீதான் மார்ச்சுல வேண்டாம்னுட்டியே."

"எதை?"

வீடு பெரிசு என்று நான் சொன்னதை நினைவுபடுத்தினேன். அவள் என்னையே பார்த்தாள். ஓட்டுநர் தேர்வில் எதிர்த் திசையில் வண்டியை விட்டவனைப் பார்க்கிற பார்வை அது.

"அது வீட்டைப் பத்தின சேதி. பெரிய வீடுதான், ஆமான்னேன். நீ என்னை ஒண்ணும் கேக்கலியே. எட்டு மாசமா, இந்த மனுஷன் எப்பக் கேப்பான்னு நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து நிக்கிறேன்."

எனக்குக் காது சுட்டது. சற்று முன்னால் ஒஸ்காரியைப் பார்த்து மனதுக்குள் எவ்வளவு திட்டியிருந்தேன்!

"தப்பு நடந்த இடத்துக்குத் திரும்பு. முதல்ல அந்த ஹெல்சிங்கிக்காரர். அவர்கிட்ட விக்கிறேன்னு கையெழுத்துப் போட்டியா?"

"இல்ல. விக்கலாம், விக்காமலும் இருக்கலாம்னேன்."

ராய்லி மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நிமிராமலே தொலைபேசியை என் பக்கம் தள்ளினாள். நான் அவரைக் கூப்பிட்டு, விற்கவில்லை என்றேன். அவர் திட்டினார், திட்டட்டும், நியாயம்தான். ஒரு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. என் வாழ்நாளில் நான் இவ்வளவு சீக்கிரம் பேசி முடித்ததில்லை.

"இப்ப அடுத்தது" என்றாள் ராய்லி.

கையிலிருந்த மஞ்சள் சட்டையை மேசையில் வைத்துவிட்டு, "ராய்லி, நீ மேல என்னோட வந்து..." என்று ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள் அவள், "சரி" என்றாள்.

எதிராளி சொல்லி முடிக்கும் முன் பதில் சொல்வது விதிப்படி தவறு. நான் கையைத் தூக்கவில்லை.