ஆசியா பீவி கொடுக்கும் அட்டை

என் அக்கா ஹபீபா பீவிக்கு, எங்கள் பேச்சில் லாத்தாவுக்கு, நான் பயப்படுவேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, சூலியா தெருவில் சொங்கோக் தொப்பியும் அத்தரும் விற்கும் கடைக்கு முதலாளி. இருந்தும் மூத்தவர் முறைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பயத்தில்தான் ஆசியா பீவியின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

என் மகள் நூருல் ஹுதாவின் நிக்காஹ்வுக்காக, உம்மாவின் பழைய வெள்ளிப் பன்னீர்ச் செம்பை லாத்தாவிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தேன். "ஜபருல்லா, ஒரு கீறல் விழுந்தாலும் இனிமே எந்தச் சாமானும் உன் வீட்டு வாசப்படி ஏறாது" என்று சொல்லித்தான் கொடுத்தார். செம்பு கறுத்திருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். முந்திரிக்கொட்டை மாதிரி போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, அலுமினியத் தாளும் சோடா மாவும் போட்ட கொதிநீரில் அதை முக்கினேன். கறுப்பு போனது. கொடி வேலைப்பாட்டின் இடுக்குகளில் இருக்க வேண்டிய கறுப்பும் சேர்ந்து போய், பூவும் இலையும் கண்ணுக்கே தெரியவில்லை. அடிப்பாகத்திலிருந்து செம்பழுப்பாக ஏதோ உருகி வழிந்தது. பதறிப்போய்க் கையால் தூக்கினேன், சுட்டது, விட்டுவிட்டேன். சிங்க்கின் விளிம்பில் மோதி வயிற்றில் ஒரு பள்ளம்.

நிக்காஹ்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. பக்கத்துக் கடைக்காரர்தான் ஆசியா பீவியின் பெயரைச் சொன்னார்.

தண்ணீர்மலைப் பக்கம், ஃப்ளாட்டில் ஏழாவது மாடி. தைப்பூசம் நெருங்கினால் செட்டியார் வீட்டுப் பால்செம்புகள் அவருடைய சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், வந்த மனிதர்தான் நிற்க வேண்டும். நானும் நின்றேன். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் பற்றவைப்பைச் சோதிக்கும் வேலை பார்த்தவர் அவர். அந்தப் பிரிவை மூடியபோது, பூதக்கண்ணாடி விளக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். வீட்டில் நசுங்கிக் கிடந்த வெற்றிலைப் பெட்டியை நிமிர்த்திப் பார்த்தார், நிமிர்ந்தது. பத்து வருடமாக இதுதான் வேலை.

செம்பைக் கையில் வாங்கி எடை பார்த்தார். அடியை மோந்து பார்த்தார். திருப்பித் திருப்பி என்னையும் பார்த்தார்.

"வெந்நீர்ல போட்டீங்க."

"ஆமாக்கா."

"பாதத்துக்குள்ள அரக்கு நிரப்பியிருக்கும் தம்பி. அந்தக் கனம் இல்லன்னா செம்பு சாஞ்சிடும். அதான் உருகிப் போச்சு. வியாழக்கிழமை வாங்க."

"பழைய மாதிரி வருமாக்கா?"

"நான் பார்த்தா வரும் லா."

பெருமையடிக்கிறாரோ என்று எரிச்சலாக இருந்தது. வியாழன் வரை பொறுக்காமல் செவ்வாய்க்கிழமையே போய் நின்றேன். செம்பின் கழுத்தோ விரல் நுழையாத கழுத்து. முனை வளைந்த நீண்ட இரும்புக் கம்பி ஒன்றை மேசையில் இறுக்கி, முனை உள்ளே பள்ளத்தைத் தொடும்படி செம்பை மாட்டியிருந்தார். வெளியே நீட்டியிருந்த கம்பியைச் சுத்தியால் லேசாகத் தட்டினார். கம்பி அதிர, முனை உள்ளிருந்து பள்ளத்தை முட்டித் தள்ளியது. ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் விரலால் தடவிப் பார்த்தார். அவசரமே இல்லை. எனக்குத்தான் வியர்த்தது. ஒரு மணி நேரத்தில் பள்ளம் இருந்த இடத்தை நானே தேட வேண்டியிருந்தது.

போன கறுப்பை எப்படிக் கொண்டு வந்தார் என்றால் சிரிப்பீர்கள். அவித்த முட்டைகளை உடைத்து, செம்போடு ஒரே பையில் போட்டுக் கட்டி வைத்தார். மறுநாளும் போய் நின்றேன், செம்பு மொத்தமும் கறுத்திருந்தது. மேட்டை மட்டும் துணியால் துடைக்கத் துடைக்க, கொடியும் பூவும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை செம்போடு ஓர் அட்டையை நீட்டினார். தொழிற்சாலைப் பழக்கமாம். பழுது பார்த்த ஒவ்வொன்றோடும் அட்டை போகும். அதில் எழுதியிருந்தது: "காரணம்: உரிமையாளரின் தம்பி கொதிநீரில் போட்டது. உள்ளே புது அரக்கு. சூடு ஆகாது. அடுத்து எடுப்பவருக்குக் காட்டவும்."

அட்டையை அவரிடமே திருப்பி நீட்டினேன். "அக்கா, இது வேணாம். லாத்தா பார்த்தா என் கதை முடிஞ்சிடும். கூலிய ரெண்டு மடங்கா வாங்கிக்கங்க."

"அட்டை இல்லாம என் வீட்டுலேர்ந்து சாமான் வெளிய போகாது. உங்கள மாட்டிவிடவா எழுதுறேன்? அடுத்தவங்க கைக்குத் தெரிய வேணாமா?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மனுஷி அசைந்து கொடுக்கவில்லை. "லாத்தா கையிலயே குடுங்க தம்பி. அப்புறம் பேசுவோம்" என்று கதவைச் சாத்தினார்.

லிஃப்டில் அதைக் கிழிக்கப் போனேன். கலங்கிய கண்ணோடு பார்த்த அந்தப் பூக்கள் ஞாபகம் வந்தன. கை வரவில்லை. நேராக லாத்தா வீட்டுக்குப் போய், செம்பையும் அட்டையையும் முன்னால் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

லாத்தா படித்தார். திட்டவில்லை. எழுந்து போய், அலமாரியின் அடித்தட்டில் புடவைகளுக்குக் கீழே கையை விட்டு இன்னொரு அட்டையை எடுத்து வந்தார். அதே கையெழுத்து. ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி.

"காரணம்: உரிமையாளர் வெந்நீரில் கழுவியது. உள்ளே புது அரக்கு. சூடு ஆகாது. அடுத்து எடுப்பவருக்குக் காட்டவும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "லாத்தா! இத அன்னைக்கே காட்டியிருந்தா நான் வெந்நீர்ல போட்டிருப்பேனா?"

"காட்டியிருந்தா நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்பே" என்றார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நிக்காஹ் முடிந்த மறுநாள், லாத்தா செம்பைப் பெட்டியோடு நூருல் ஹுதாவின் மடியில் வைத்தார். என் வீட்டு வாசப்படி ஏறாது என்றவர், என் மகளுக்கே கொடுத்துவிட்டார். பெட்டியைத் திறந்து, மேலாக இருந்த இரண்டு அட்டைகளையும் எடுத்து நீட்டினார்.

"மொதல்ல இத சத்தமா படி" என்றார். "அப்புறம் செம்பத் தொடு."