அரசாங்கம் பார்த்த முகங்கள்

கண்டியில் பொண்ணு சோடிக்கிற அம்மா வீடு எது என்று கேட்டால், ஒரு காலத்தில் ஆட்டோக்காரர்களே என் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் கூட்டாளிமாருக்குச் சோடித்துப் பழகினேன். பிறகு டவுனுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் அதே மணப்பெண் அலங்கார வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இதை எழுதவும் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. கோபம்தான் இருக்கிறது, அது ஆறுகிற கோபம் இல்லை.

கடுகண்ணாவையில் இரும்புக்கடை வைத்திருந்தவரின் மூத்த மகளுக்குக் கல்யாணம். ஹோட்டல் மண்டபம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மாடிப்படிக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் கையை நீட்டி மறித்தார்.

“அம்மா, சர்டிபிகேட் இருக்கிற ஆள் மட்டும்தான் மேல போகலாம். புது ரூல்ஸ்.”

“பொண்ணு வீட்டுக்காரங்க என்னையத்தான் வரச் சொல்லியிருக்காங்க தம்பி.”

“அதுக்கு நான் என்னம்மா செய்யிறது?”

ஹோட்டலின் சொந்த சலூனிலிருந்து சான்றிதழ்க்காரி ஒருத்தி மேலே போனாள். நான் கீழே ஒரு கதிரையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பொண்ணு இறங்கி வந்தாள். நம் பிள்ளைகளின் மாநிறத்துக்கு மஞ்சள் சாயல் பவுடரை அடியில் போட வேண்டும். வெறும் ரோஸ் பவுடரை அப்பினால் விளக்கு வெளிச்சத்தில் சாம்பல் பூத்துவிடும். பிள்ளை அடுப்புச் சாம்பலில் விழுந்து எழுந்ததுபோல வந்து நின்றாள். அவளுடைய அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, சின்னவளுக்கு தை மாசம் இதே ஹோட்டல்லதான். அவளுக்கு நீங்கதான் சோடிக்கணும். என்ன செய்வீங்களோ தெரியாது.”

வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுத்தால் மாறுகிற வழக்கம் எனக்கு இல்லை.

அந்தச் சர்டிபிகேட் கொடுக்கிற அரசாங்கப் பயிற்சி நிலையத்துக்குப் போனேன். சேர்ந்து படித்தால் ஆறு மாதம், தை கடந்துவிடும். அனுபவம் உள்ளவர்களுக்கு வேறு வழி இருந்தது. செய்த வேலைக்கு அத்தாட்சி காட்டி ஒரு பைல் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு வாய்மொழியாகக் கேள்வி கேட்பார்கள், அவர்கள் முன்னால் ஒரு முகம் சோடித்துக் காட்ட வேண்டும். அங்கே இருந்த மிஸ் என் மகள் வயதுகூட இல்லாத பிள்ளை. நல்ல பிள்ளைதான், பொய் சொல்லக்கூடாது.

“பத்து பொண்ணுங்களோட போட்டோ வேணும் அம்மா. சோடிக்க முந்தி ஒண்ணு, சோடிச்ச பொறகு ஒண்ணு.”

“முந்தின போட்டோ இல்ல.”

“ஒண்ணு கூடவா?”

“நான் எடுக்க விடமாட்டேன் மிஸ்.”

அதுதான் என் முறை. கதவைச் சாத்துவேன். பொட்டு வைக்கும்வரை கேமராக்காரர் வெளியே நிற்க வேண்டும், மாப்பிள்ளையின் அக்கா தங்கையும் வெளியே. பரு இருக்கும், தழும்பு இருக்கும், அழுத கண் இருக்கும். அந்த முகத்தை என்னை நம்பித்தான் கொடுக்கிறாள். அதைப் படம் பிடித்துப் பைலில் ஒட்டி, “பாருங்கள், இவ்வளவு அவலட்சணத்தை நான் திருத்தினேன்” என்று காட்டுவதா? என்னைக் கெட்டிக்காரி ஆக்க அவளை அசிங்கமாக்க வேண்டுமா? மிஸ்ஸிடம் அப்படியே கேட்டேன்.

“எனக்கு விளங்குது அம்மா. ஆனா பைல்ல அந்த இடம் வெறுமையா இருந்தா நான் பாஸ் போட ஏலாது.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தேன். யுத்த காலத்தில் இதே பாதையில் ஆமிக்காரர்கள் எத்தனை தடவை பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கி, வரிசையில் நிற்க வைத்து, அட்டையையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பவுடர் இல்லை, சிரிப்பு இல்லை, காது தெரியத் தலையை இழுத்து வாரிய முகம். ஒவ்வொரு பிள்ளையின் அந்த முகத்தையும் அரசாங்கம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. இனி மறைக்க அதில் என்ன இருக்கிறது?

மறுநாளே கிளம்பினேன். நான் சோடித்த பிள்ளைகளின் வீடு வீடாக ஏறி, கேட்டு, அடையாள அட்டையின் போட்டோகொப்பியும் கல்யாணப் படமும் வாங்கினேன். ஒருத்தி சிரித்தாள். “அக்கா, இது பதினாறு வயசுல எடுத்தது. பொலிஸ்ல புடிச்ச கள்ளி மாதிரி இருக்கேன்.” மடவளையில் ஒரு பிள்ளை அட்டையைத் தந்தாள், கல்யாணப் படத்தைத் தரவில்லை. “அத வெளிய குடுக்க ஏலா அக்கா, வீட்டுல ஏசுவாங்க.” நான் வற்புறுத்தவில்லை. அந்த அட்டையையும் அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, பத்தாவது ஆளைத் தேடித் தெல்தோட்டைக்குப் போனேன்.

மிஸ் பைலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பக்கத்துக்குப் பக்கம் அட்டை முகம் ஒன்று, பொண்ணு முகம் ஒன்று.

“இப்பிடி ஒருத்தரும் கொண்டு வந்ததில்ல அம்மா.”

“சோடிக்க முந்தின மொகந்தானே கேட்டீங்க?”

அவள் உள்ளே போய்ப் பெரியவர்களிடம் கேட்டு வந்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. ஏற்றுக்கொண்டார்கள். முகம் சோடித்துக் காட்டுகிற அன்று சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. அதில் இருந்த முகம் வெள்ளைக்காரி முகம். என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை என்னைவிடக் கறுப்பு. நான் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. தோலுக்கு எத்தனை அடுக்கு என்று கேட்டார்கள், மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். எந்தப் பவுடர் சாம்பல் பூக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. முப்பது வருடத்தில் நான் கற்றதில் அதுதான் பெரிய பாடம்.

சான்றிதழ் கிடைத்தது. தை மாதம் அதே ஹோட்டல், அதே மேசை, அதே ஆள். காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அடையாள அட்டையும் கேட்டார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

“படத்துல வேற மாதிரி இருக்கீங்களே அம்மா.”

“அது கவர்மெண்டுக்குக் காட்டுன மொகம் தம்பி. வழிய விடுங்க, பொண்ணு காத்திருக்கா.”

மாடியில் பொண்ணு அறைக் கதவு திறந்தே கிடந்தது. சின்னவள் கழுவிய முகத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் இரண்டு பரு. கேமராக்காரர் அவளுக்கு நேராக நின்று வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முந்தி ஒண்ணு, பொறகு ஒண்ணு எடுத்துக்கிறேன் அம்மா. இப்ப எல்லாரும் அப்பிடித்தான் கேக்குறாங்க.”

சான்றிதழைப் பெட்டியின் அடியில், சேலை ஊசி டப்பாவுக்குக் கீழே வைத்தேன். பிறகு அவரை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.