திருமண் அணிந்த கமாண்டோ கேப்டன்

பாட்டில் மூடுகிற கார்க்கைத் தீயில் சுட்டால் ஒரு வாசம் வரும்... கரிந்த மரமும் கொஞ்சம் மருந்தும் கலந்தது போல. அந்தக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, வரிசையில் நின்ற ஆபீஸ்காரர்களின் முகத்தில் அப்பா பூசிக்கொண்டிருந்தார்.

அறுபத்தைந்து யுத்தம் முடிந்த மறு வருஷம். எனக்கு ஒன்பது வயது. திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அப்பாவுக்குக் கணக்குப் பிரிவில் வேலை. அங்கே மனமகிழ் மன்றத்தில் வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். எப்போதும் புராணம்தான். அந்த வருஷம் அப்பா மல்லுக்கட்டி, தானே எழுதிய நாடகத்துக்கு மேடை வாங்கியிருந்தார். இருட்டில் எதிரியின் எல்லைக்குள் ஊர்ந்து போய்ப் பாலத்தைத் தகர்க்கும் கமாண்டோக்களின் கதை.

அவருக்கு அது வெறும் கதை இல்லை. முசிறியிலிருந்து பட்டாளத்துக்குப் போய், உலக யுத்தத்தின்போது பர்மா எல்லையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தவர். ஒரு சாயங்காலம், முகத்தில் கரி பூசிய சில பேர் அவர் கையால் ரொட்டியும் டீயும் வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்களாம். ஒருவரும் திரும்பவில்லை.

"அவங்களை நம்ம ஜனங்க பார்க்கணும். யாரும் சிரிச்சுடக் கூடாது, அவ்வளவுதான்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சிக்கல் கேப்டன் வேஷத்தில் வந்தது.

அதைப் போட்டவர் ரங்கராஜன் மாமா. அப்பாவுக்குப் பக்கத்து மேஜை. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வசனத்தை ஒரு முறை படித்தால் போதும், குரலும் கடைசி வரிசை வரை கேட்கும். நெற்றியில் மட்டும் எப்போதும் திருமண்.

"சாமி, இன்னிக்கு ஒரு நாள் அழிச்சுடுங்களேன். நீங்க கமாண்டோ" என்று கெஞ்சினார் அப்பா.

"அழிக்கப்படாது, முத்தையா. இட்டுண்டதை நானே எப்படி அழிப்பேன்?"

"கரியை மேல பூசிடட்டுமா?"

"அதைவிட வேற ஆளைப் பாரும்!"

வேறு ஆள் கிடையாது. கடைசியில், தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொள்வது என்று உடன்பாடு ஆயிற்று. எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை. அந்த வயதிலும் நான் எதையும் லேசில் நம்புகிற ரகம் இல்லை.

நாடகம் நன்றாகத்தான் போயிற்று. மேடையில் நீல விளக்கு மட்டும். வீரர்கள் வயிற்றால் ஊர்ந்து எதிரியின் வேலிக்கு வந்தார்கள். அந்த வேலிதான் அப்பா செய்த தவறு. எல்லாம் நிஜம்போல இருக்க வேண்டும் என்று, நிஜக் கருவேல முள்ளையே வெட்டி வந்து நட்டிருந்தார். கேப்டன் குனிந்து நுழைந்தார். தொப்பி முள்ளில் மாட்டி, அங்கேயே தொங்கியது.

கரி பூசிய முகம் இருட்டில் தெரியவே இல்லை. திருமண் மட்டும் நீல வெளிச்சத்தில் பளிச்சென்று, தனியாக, மேடையைக் கடந்துகொண்டிருந்தது...

"சாமி! தொப்பி!" என்றார் ஒருவர்.

"இருய்யா, எதிரி இப்பக் கன்னத்துல போட்டுக்குவான் பாரு" என்றார் இன்னொருவர்.

கொட்டகையே சிரித்தது. நான் பக்கவாட்டுத் திரையோரம் அப்பாவை ஒட்டி நின்றிருந்தேன். அவர் என் தோளில் வைத்திருந்த கை கனத்துக்கொண்டே போனது. முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மாமாவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. உள்ளங்கையால் நெற்றியை இறுகப் பொத்திக்கொண்டார். மற்ற கையை மட்டும் ஊன்றி ஊர்ந்தார். சிரிப்பு இன்னும் பலமாயிற்று.

அவருக்குப் பின்னால் வந்த வீரன் ஜோசப் மாமா. டெஸ்பாட்ச் பிரிவு. ஒத்திகையில் தன் நாலு வரியையே மறந்துபோகிறவர். திடீரென்று பதறிப்போய்க் கத்தினார்:

"கேப்டன்! தலையில குண்டு பட்டுடுச்சா?"

சிரிப்பு பாதியில் நின்றது. அப்புறம் ரங்கராஜன் மாமாவின் குரல், முனகலாக:

"சின்னக் காயம்தான். என்னை விடு. பாலத்தைப் பாரு."

அவ்வளவுதான். முன் வரிசையில் ஓர் அம்மாள், "ஐயையோ, பாவமே!" என்றார். ஜோசப் மாமா தன் கைக்குட்டையை எடுத்து, கேப்டனின் நெற்றியில், திருமண்ணுக்கு மேலேயே கட்டுப் போட்டார். அதற்குப் பிறகு கொட்டகையில் யாரும் இருமக்கூட இல்லை. பாலம் வெடித்து, கேப்டன் திரும்பி வராமலே திரை விழுந்தபோது பலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும்தான்.

இதோடு முடியவில்லை. முன் வரிசை அம்மாள் குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு ஆள் அனுப்பி, ஒரு டம்ளர் சூடான பால், மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்டு, மேடைக்குப் பின்னால் கொண்டுவந்துவிட்டார்.

"நடிக்கறப்ப நிஜமாவே அடிபட்டுடுச்சுங்களா சார்? இதைக் குடிங்க முதல்ல. ரத்தம் நின்னுடுச்சா?"

ரங்கராஜன் மாமா வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். ஆபீஸுக்கு வீட்டுக் கூஜாவோடு வருகிறவர். எல்லோரும் அவரையே பார்த்தோம். அப்பா அவசரமாக, "சாமி, நான் எடுத்துச் சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார்.

மாமா கையால் தடுத்தார். கட்டை அவிழ்க்கவில்லை. டம்ளரை வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

அந்த அம்மாள் திருப்தியாகப் போன பிறகு, மெதுவாகச் சொன்னார்: "வேண்டாம்னா, காயம் பொய்யாப் போயிடும், முத்தையா. காட்டுக்குள்ள போன உம்ம மனுஷாளும் பொய்யாப் போயிடுவா."

அப்பா அவர் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கி, தானே கழுவி வைத்தார்.

இப்போது என் மகன் வாரம் தவறாமல் டிவியில் ஒரு கமாண்டோ தொடர் பார்க்கிறான். துப்பாக்கி, சேறு, இருட்டு, எல்லாம் அச்சு அசல். போன வாரம் அதில் கேப்டனுக்குக் குண்டு பட்டது. நான் பதறியதைப் பார்த்து, "அம்மா, அவர் சாக மாட்டார். அடுத்த சீசனுக்கும் அவரைத்தான் போட்டிருக்காங்க" என்றான், சிப்ஸைக் கடித்துக்கொண்டே.

இருக்கலாம். நானும் நம்பவில்லைதான்... ஆனாலும் விளம்பரம் போட்ட நேரத்தில் அடுக்களைக்குப் போனவள், பாலை அடுப்பில் வைத்துவிட்டு, யாருக்கென்று தெரியாமல் சற்று நேரம் நின்றிருந்தேன்.