பதினோரு ஃபைலும் ஒரு சீட்டும்

பஸ் டிப்போவின் உதிரிபாக ஸ்டோரில் பத்தொன்பது வருஷமாக இருக்கும் மனிதரை எல்லோரும் பூட்டு என்றே கூப்பிடுவார்கள். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போவார். சாவி இடுப்பில். சீட்டு இல்லாமல் ஒரு வாஷர் வெளியே போகாது. குக்கர் கைப்பிடிக்கு ஒரு திருகு வேண்டும் என்று மனைவி கேட்டதற்கே, "சீட்டு எழுதிக் கொடு" என்றவர். அந்தக் கைப்பிடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை ஸ்டோருக்குள் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. "வெள்ளிக்கிழமை காலையில சரக்குப் பட்டியல் மொத்தமும் இதுல இருக்கணும். இல்லேன்னா சாவியை டயர் செக்‌ஷன்காரர்கிட்ட கொடுத்துடுங்க" என்றார் மேனேஜர். பூட்டின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

நல்லவேளை, மனைவி ஒரு கிளினிக்கில் பதிவு மேஜையில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவள். அன்று சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே பாடம் நடத்தினாள்.

"நீங்க அடிக்கிறதெல்லாம் கவுண்ட்டர் மேல கிடக்கிற சாமான் மாதிரி. அந்தக் கவுண்ட்டருக்குப் பேரு ரேம். கரண்ட் போச்சுன்னா எல்லாம் போச்சு. சேவ் கொடுத்தா ரேக்குக்குப் போயிடும். ரேக்குதான் ஹார்ட் டிஸ்க்."

"ஃபைலு?"

"சரக்குக்கு ஒரு அட்டை போடுவீங்கல்ல, அது. அட்டையெல்லாம் போட்டு வெக்கிற டப்பா ஃபோல்டர்."

"இன்டர்நெட்டு?"

"ரோடு. பிரவுசர் அதுல ஓடற பஸ்ஸு. போதுமா? கண்ணு எரியுது."

"வெங்காயத்தாலயா, என்னாலயா?"

"ரெண்டாலயும்தான்."

பஸ், ரேக் என்று சொன்னால் பூட்டுக்கு எதுவும் மண்டையில் ஏறும். ஒற்றை விரலால் அடித்தார். பிரேக்குக்கு ஒரு ஃபைல், கிளட்ச்சுக்கு ஒன்று. "என்னண்ணே, கோழி தீனி பொறுக்குதா?" என்று மெக்கானிக்குகள் ஜன்னலில் நின்று சீண்டினார்கள். முடித்த ஒவ்வொன்றையும் பெருமையடித்துக்கொள்ள மனைவிக்கு இமெயிலில் அனுப்பினார். கூட வைத்துக் கட்டி அனுப்பும் ஃபைலுக்கு அட்டாச்மென்ட் என்று பேர். பஸ் கூரையில் கட்டும் பார்சல்தான். அவளிடமிருந்து ஒரு வரிகூடப் பதில் வரவில்லை.

ஸ்டோர் மூலையில் ஒரு டிரம் உண்டு. கழித்துக்கட்டிய பஸ்களிலிருந்து எடுத்த நல்ல சாமான்கள் அதில்தான் கிடக்கும். குப்பை என்று நினைத்து ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். ஸ்டோரிலேயே பத்திரமான இடம். திரையின் மூலையிலும் ஒரு தொட்டி தெரிந்தது, ரீசைக்கிள் பின். பூட்டு யோசிக்கவேயில்லை. பதினோரு ஃபைலையும் அதில் போட்டார்.

வியாழன் மத்தியானம், கம்ப்யூட்டர் நொண்டுகிறது என்று ரிப்பேர்க்காரர் வந்தார். "குப்பைத் தொட்டியைக் காலி பண்ணிட்டேன். இனி பறக்கும்."

பூட்டு கதவைச் சாத்தினார். பூட்டினார்.

"பதினோரு ஃபைலு. சீட்டு எங்க?"

"என்ன சீட்டு?"

"சரக்கை வெளியே எடுத்தியே, அதுக்கு. பையைத் திற."

பையில் ஸ்க்ரூடிரைவரும் சாப்பாட்டு டப்பாவும் இருந்தன. டப்பாவையும் திறந்து பார்த்தார்.

"அண்ணே, அழிக்கப் போறதைத்தான் அதுல போடுவாங்க. காலி பண்ணாத வரைக்கும் திரும்ப எடுக்கலாம். குப்பைத் தொட்டியில யாராவது நகையை வெப்பாங்களா?"

பூட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டயர் செக்‌ஷன்காரர் இடுப்பில் சாவி தொங்குவது கண்ணெதிரே தெரிந்தது.

"வேற எங்கயாவது காப்பி இருக்கா? அதுக்குப் பேருதான் பேக்கப்" என்றார் ரிப்பேர்க்காரர், கதவையே பார்த்துக்கொண்டு.

பூட்டு போனை எடுத்தார். "நான் அனுப்பின மெயிலை அழிச்சிட்டியா?"

"பதினொண்ணும் கிடக்கு. ஒண்ணைக்கூடத் திறக்கல. கிளட்ச் பிளேட்டைப் படிச்சு நான் என்ன பண்ண?"

"உடனே அனுப்பு தாயே. சாவி போயிடும்."

அவள் கேட்டாள்: "சீட்டு இருக்கா?"

ஒற்றை விரலால் மெயில் அடித்தார்: 'தேவை: ஃபைல் பதினொன்று. காரணம்: சாவி. பதிலுக்கு: குக்கர் கைப்பிடி, இன்று மாலை.'

பதினொன்றும் வந்தன. டவுன்லோடு செய்து, ஒவ்வொன்றாக ரேக்கில் வைத்து, அதன்பிறகே கதவைத் திறந்தார்.

"நீங்க அனுப்பின மெயில் உங்க 'சென்ட்' ஃபோல்டர்லயே இருந்திருக்குமே அண்ணே" என்றார் ரிப்பேர்க்காரர், வாசல் தாண்டி நின்றுகொண்டு.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"உள்ள வெச்சுப் பூட்டினா பேச வாய் வருமா?"

வெள்ளிக்கிழமை மேனேஜர் பட்டியலைப் பார்த்தார். சாவி இடுப்பிலேயே இருந்தது. குக்கர் திருகை மட்டும் முந்தின நாள் சாயங்காலம் கடையில் காசு கொடுத்து வாங்கியிருந்தார். ஸ்டோரில் அதே திருகு நாற்பது கிடந்தது. ஆனால் அது பட்டியலில் ஏறிவிட்டதே.