எமிலியோவுக்கு ரோகிணி நட்சத்திரம்

எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் செகண்ட் பேஸ்மேனுக்குச் சிவ கோத்திரம், ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி என்று ஒரு கோயிலில் அர்ச்சனை நடந்திருக்கிறது. செய்து வைத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் இதை இன்று வரைக்கும் யாரும் மறக்கவில்லை. விருந்தாளிகள் வந்து சாப்பாட்டு மேஜையில் பேச்சு கொஞ்சம் தொய்ந்தால் போதும், அம்மா ஆரம்பித்துவிடுவாள்.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தோம். மேலே அப்பா, அம்மா, நான். கீழே பேஸ்மென்ட்டில் மாமா, அம்மாவின் தம்பி. மாமாவுக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் புள்ளிவிவர வேலை. எந்த மாத்திரை எத்தனை பேருக்குப் பலித்தது என்று பகலெல்லாம் எண்ணிவிட்டு, வீட்டுக்கு வந்து எந்த ஆட்டக்காரன் எத்தனை பந்துக்கு எத்தனை அடித்தான் என்று எண்ணுவார். எல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் இருக்கும். அந்த ஷீட்டில் பச்சையில் இருப்பவன் நல்லவன், சிவப்பில் இருப்பவன் ஒழிய வேண்டியவன்.

அப்பா அப்படியில்லை. ஆபீஸில் மதியம் எல்லோரும் பேஸ்பால் பேச, தான் மட்டும் டப்பாவைப் பார்த்துக்கொண்டு தயிர் சாதம் சாப்பிடுவது கூச்சமாக இருந்ததால் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர். கூச்சம் போய் மூன்றாவது வருஷம் பைத்தியமே பிடித்துவிட்டது. ஆட்டக்காரர்களைப் பெரியப்பா பிள்ளைகள் மாதிரி பேசுவார். யாருக்குத் தோள்வலி, யார் எந்த ஊர்க்காரன் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஆட்டம் நடக்கிற மாதங்களில் வீடு ஒற்றுமையாகத்தான் இருக்கும். சீசன் முடிந்து பனி விழ ஆரம்பித்த பிறகுதான் உண்மையான ஆட்டமே. யாருக்குப் புதுக் கான்ட்ராக்ட் கொடுப்பது, யாரை வெளியே அனுப்புவது, இதையெல்லாம் தீர்மானிக்கிற ஃப்ரண்ட் ஆபீஸில் ஒருத்தனுக்காவது மூளை இருக்கிறதா? சனிக்கிழமை காலை தோசைக்கல் சூடாகும்போது தொடங்கினால் சண்டை சட்னி தீர்ந்தும் தீராது.

"அவங்க உங்க ரெண்டு பேருக்கும் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடப் போறாங்களாக்கும்" என்பாள் அம்மா. இரண்டு பேரும் அப்படித்தான் நம்பினார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அந்தக் குளிர்காலம் முழுக்க எமிலியோதான். ஒன்பது வருஷமாக எங்கள் அணியில் செகண்ட் பேஸ்மேனாக இருந்தவன். வயது முப்பத்தைந்து. இடது முழங்கால் அடிக்கடி வீங்கும். அவனுடைய கான்ட்ராக்ட் முடிந்திருந்தது. இன்னும் இரண்டு வருஷம் கொடுக்க வேண்டும் என்று அப்பா. ஒரு நாள்கூடக் கூடாது என்று மாமா.

"அத்தான், சென்டிமென்ட்ட ஓரமா வைங்க. முப்பத்தஞ்சு வயசு. முட்டி போச்சு. இவன் பண்ற அதே வேலைய பாதிச் சம்பளத்துக்குப் பண்ண ரெண்டு சின்னப் பசங்க ரெடியா நிக்கிறாங்க. எந்த ஃப்ரண்ட் ஆபீஸ் இவன வச்சுக்கும்?"

"ஒன்பது வருஷம் உழைச்சிருக்கான் மாப்ளே."

"உழைச்சதுக்குத்தான் சம்பளம் குடுத்தாச்சே!"

அப்பா அன்றைக்கு மூன்று தோசையோடு எழுந்துவிடுவார்.

இந்த இடத்தில், எனக்கு அப்போது தெரியாததை நான் சொல்லிவிடுவதுதான் நியாயம். அப்பாவும் கான்ட்ராக்டில்தான் இருந்தார். வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். அந்த வருஷம் ஜனவரியோடு முடிகிறது. ஆபீஸில் மேலதிகாரிகள் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. க்ரீன் கார்டு வரிசையில் எங்களுக்கு முன்னால் பாதி இந்தியா நின்றுகொண்டிருந்தது. வேலை போனால் அறுபது நாளைக்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். இது அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவள் யாரிடமும் சொல்லாமல் ஒன்பது சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கு அப்பா பேரில் அர்ச்சனை செய்வதாக வேண்டிக்கொண்டாள்.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, அம்மா துணிக்கூடையை எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட்டுக்குப் போனாள். வாஷிங் மெஷின் ஓடி நின்று வெகு நேரம் கழித்துத்தான் மேலே வந்தாள். அடுத்த சனிக்கிழமை மாமா தோசையைப் பிய்த்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "அத்தான், நான் யோசிச்சுப் பார்த்தேன். எக்ஸ்பீரியன்ஸ்னு ஒண்ணு இருக்கு இல்ல? எமிலியோக்கு ரெண்டு வருஷம் குடுக்கலாம். மூணுகூடக் குடுக்கலாம்" என்றார்.

அப்பா மாமாவைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா திருப்ப வேண்டிய அவசியமே இல்லாத ஒரு தோசையைத் திருப்பினாள்.

"எதுக்கு?" என்றார் அப்பா. "யாரும் யாருக்கும் பாவம் பார்த்துக் கான்ட்ராக்ட் குடுக்க வேண்டாம். வயசாச்சுன்னா போக வேண்டியதுதான். நீ சொன்ன நம்பரெல்லாம் என்ன ஆச்சு?"

"நம்பர் கெடக்குது அத்தான். நம்பர வச்சு மனுஷன எடை போட முடியுமா?"

மாமாவின் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் இவை. அன்று தொடங்கி இரண்டு பேரும் கட்சி மாறிவிட்டார்கள். மாமா எமிலியோவின் முழங்காலைப் பற்றி ஒரு டாக்டரைப் போல ஆறுதலாகப் பேசினார். அப்பா அவனுடைய முழங்காலை மன்னிக்கவே இல்லை. விட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் முன்பைவிடச் சத்தமாகச் சண்டை போட்டார்கள். மாமா எமிலியோவின் வரிசை முழுவதையும் பச்சையாக்கிவிட்டார், நானே பார்த்தேன்.

எனக்கு அப்பாமேல் அசாத்தியக் கோபம். ஒன்பது வருஷத்து ஆளை ஒரே தோசையில் கைவிட்டுவிட்டாரே! மாமாவையோ நம்புவதற்கில்லை, இன்றைக்குப் பச்சை, நாளைக்குச் சிவப்பு. எமிலியோவுக்கென்று இந்த உலகத்தில் இனி என்னைத் தவிர யாரும் இல்லை என்று நான் உறுதியாக நம்பினேன்.

ஒன்பதாவது சனிக்கிழமை வந்தது. அம்மா கோயிலுக்குள் வரக்கூடாத நாளாகப் போய்விட்டது. வாரத்தை விடவும் மனசில்லை. பார்க்கிங்கில் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி என்னிடம் பாடம் சொன்னாள்.

"அப்பாவ நம்ப முடியாது, சிரிச்சுட்டு வந்துடுவாரு. நீதான் போய் நிக்கணும். அப்பா பேர், சிவ கோத்திரம், ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி. எங்க, சொல்லு?"

மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை, "ஐ காட் இட், அம்மா" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு ஓடினேன். ஷூவைக் கழற்றி வைப்பதற்குள் அப்பாவும் மாமாவும் கீழே கேன்டீனில் புளியோதரை வரிசையில் போய் நின்றாகிவிட்டது. படிக்கட்டு வரைக்கும் அவர்கள் சத்தம் கேட்டது. "அவன் கதை முடிஞ்சுது மாப்ளே, விட்டுத் தள்ளு!" என்றது அப்பாவின் குரல்.

ஆஞ்சநேயர் சன்னிதியில் எனக்கு முன்னால் ஐந்தாறு பேர். பரீட்சைக்கு ஒருவர், பிரசவத்துக்கு ஒருவர், வீடு வாங்க ஒருவர். எல்லோரும் ஏதோ ஒரு தேவையோடு நின்றார்கள். நான் யோசித்தேன். அப்பாவுக்கு என்ன குறை? வேலை இருக்கிறது, கார் இருக்கிறது, கீழே புளியோதரை கிடைக்கப் போகிறது. இப்படிப்பட்டவருக்கு ஒன்பது வாரம் ஒரே அர்ச்சனை! இங்கே ஒருத்தன் முட்டி வீங்கி, வேலை போய், சொந்த ரசிகனே கைவிட்டுவிட, தனியாக நிற்கிறான். ஆஞ்சநேயர் நியாயம் தெரிந்தவர், அவரே இதைத்தான் விரும்புவார் என்று முடிவு செய்தேன்.

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு குருக்கள், "பேர்?" என்றார்.

"எமிலியோ."

குருக்கள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அந்தக் கோயிலில் வெள்ளைக்கார மருமகன்களுக்கும் மருமகள்களுக்கும் அர்ச்சனை செய்து பழகியவர் என்பதால் பெரிதாக அதிரவில்லை. "ஃபேமிலியா?" என்று மட்டும் கேட்டார்.

"யெஸ்" என்றேன். அதில் பொய் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"கோத்திரம், நட்சத்திரம்?"

எமிலியோவின் பேட்டிங் சராசரி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நட்சத்திரத்துக்கு நான் எங்கே போவது? அம்மா மூன்று தடவை சொல்லச் சொன்னது வாயில் தயாராக இருந்தது, அதையே சொன்னேன். குருக்கள் மணியை எடுத்தார். சிவ கோத்திரத்தில், ரோகிணி நட்சத்திரத்தில், ரிஷப ராசியில் பிறந்த எமிலியோவுக்காக ஆஞ்சநேயர் மேல் துளசி விழுந்தது. பிரசாதத்தைக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்தேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது. எமிலியோவுக்கு இரண்டு வருஷக் கான்ட்ராக்ட்! மாமா பேஸ்மென்ட்டிலிருந்து படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். அப்பாகூட வேஷத்தை மறந்து கை தட்டிவிட்டார். என் பெருமைக்கு அளவே இல்லை. எவ்வளவு பெரிய ஆபீஸையும் ஒரு டிக்கெட்டில் அசைத்துவிடலாம் என்று தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை அப்பா ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் அவருடைய காப்பிக் கோப்பையும், எங்கள் அணியின் ஒரு சின்னத் தொப்பியும், என் படமும் இருந்தன.

அடுத்த வாரம் முழுக்க அம்மா சமையலறையில் விசாரணை நடத்தினாள். ஒன்பது வாரத்தில் எங்கே தப்பு நடந்தது? மூன்றாவது வாரம் தேங்காய் அழுகலா? ஐந்தாவது வாரம் பனியில் கோயிலுக்குத் தாமதமாகப் போனோமே, அதுவா? ஒவ்வொரு வாரமாக எடுத்து உதறினாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒன்பதாவது வாரம் நான் உள்ள வந்திருக்கணும். இல்ல, அந்தப் பக்கமே வந்திருக்கக் கூடாது" என்றாள்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என்னுடைய அழுகையில் பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். ஆனால் எமிலியோ என்ற பேர் மட்டும் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. அம்மா கரண்டியோடு சிலையானாள். மாமா குடித்த தண்ணீர் மூக்கில் ஏறி, இருமிக்கொண்டே பேஸ்மென்ட்டுக்கு இறங்கினார். அவர் இருமினாரா சிரித்தாரா என்று அம்மா இன்றும் கேட்கிறாள்.

அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "கோத்திரம் என்ன சொன்னே?"

"அவர்ஸ்... நம்மளோடது" என்றேன் தேம்பிக்கொண்டே.

"நட்சத்திரம்?"

"யுவர்ஸ். ஐ டிட்ன்ட் நோ ஹிஸ்."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். "அப்புறம் என்னடா கண்ணு? அட்ரஸ் நம்ம வீட்டு அட்ரஸ்தான். பேரு மட்டும்தான் மாறிப்போச்சு. கொஞ்சம் லேட்டானாலும் லெட்டர் வந்து சேர்ந்துடும்" என்றார். சொல்லிவிட்டு, பெட்டி எடுத்து வருகிறேன் என்று கராஜுக்குப் போனார். வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் கையில் பெட்டி எதுவும் இல்லை. தேடிக் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த லெட்டர் ஐம்பத்தோராவது நாள் வந்தது. டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் வேலை. பேர் தப்பாக இருந்ததால்தான் நியூ ஜெர்சி டெக்சாஸ் ஆகிவிட்டது என்பது அம்மாவின் கட்சி. மார்ச் மாதம், பள்ளிக்கூடம் நடுவில் இருக்கும்போதே, கிளம்பிவிட்டோம். புதுப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரையும் தெரியாது. மஞ்சள் பஸ்ஸில் என் பக்கத்து இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

எமிலியோ முதல் வருஷம் சுமாராக ஆடினான். இரண்டாம் வருஷம் மே மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமாவிடமிருந்து போன். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தான், எமிலியோவ டீம்லேர்ந்து ரிலீஸ் பண்ணிட்டாங்க." அன்றைக்கே சொன்னேனே என்று மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கான்ட்ராக்ட்ல மீதிக் காசு வந்துடும். அது ஒண்ணும் கவலையில்ல."

"காச யார் கேட்டா?" என்று அப்பா அடுப்பை அணைத்தார். பிறகு, "அவனுக்குக் குழந்தைங்க இருக்கா?" என்றார்.

மாமாவின் எக்செல் ஷீட்டில் அதற்கு இடம் இல்லை. தேடிப் பார்த்துத்தான் சொன்னார். "ஒரு பொண்ணு. பத்து வயசு."

"ஸ்கூல் இன்னும் முடியலையே மாப்ளே" என்றார் அப்பா. "நடுவுல எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பான்?"

எனக்கும் அப்போது பத்து வயது. அப்பா இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார் என்றால் விஷயம் முடிவாகிவிட்டது, அவர்கள் ரிச்சர்ட்சனுக்குத்தான் வரப்போகிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறியதும் என் பையை எடுத்துப் பக்கத்து இடத்தில் வைத்தேன். உட்கார வந்த ஒரு பையனிடம், இங்கே ஆள் வருகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.