நல்லப்பனின் கையை நான் சோதித்தது

1. திரும்பி வந்த மூன்று லேத்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் எங்கள் பட்டறை கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போகும் சாலையில் இருந்தது. பட்டறை என்றால் முதலாளிக்குக் கோபம் வரும். ஃபாக்டரி என்றுதான் சொல்ல வேண்டும். முப்பது பேர் சேர்ந்து லேத், அதாவது இரும்பைக் கடையும் மெஷின், செய்தோம். லேத்தில் வேலை செய்கிறவர்கள் சேலத்தில் நிறையப் பேர் உண்டு. லேத்தையே செய்கிறவர்கள் நாங்கள் என்று எங்களுக்குத் தலைக்கனம். முடிந்த மெஷினை அளந்து, சரி என்று சொல்லி அனுப்புகிற மேஸ்திரி ஆரோக்கியம் நான்தான். எனக்கு அந்தத் தலைக்கனம் இரண்டு பங்கு இருந்தது.

ஒரு திங்கட்கிழமை, ராணுவ வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பிய லேத்துகளில் மூன்று ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டுக்குத் திரும்பி வந்துவிட்டன. பெட்டியைப் பிரித்தோம். பெட் என்கிற நீளத் தளத்தின் மேல் பழுப்பாகத் துரு. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை நாங்கள் ‘தவு’ என்போம். அரை தவு மேடுகூட இல்லாமல் கையால் சுரண்டிச் சமன்படுத்திய தளம் அது.

துரு நான்கு நான்கு கோடுகளாக இருந்தது. நான்கு விரலை வைத்து இழுத்த மாதிரி. சிலருடைய வியர்வை பட்டால் எஃகு துருப்பிடிக்கும் என்று ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் படித்திருந்தேன். அதை முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவர் கையில் இருந்த ராணுவக் கடிதத்தைக் காட்டினார். “இப்படியே திரும்பி வந்துக்கிட்டிருந்தா ஆர்டர் கட்டுன்னு எழுதியிருக்கான். முப்பது குடும்பம்ப்பா ஆரோக்கியம். அது யார் கைன்னு கண்டுபிடி.”

2. சோதனை

அந்தத் தளங்களைச் சுரண்டியவன் நல்லப்பன். சேந்தமங்கலத்துக்காரன், என் வயதுதான். கிணறு வற்றியதால் காட்டு வெள்ளாமையை விட்டு வேலைக்கு வந்தவன். நீல மை தடவிய சர்ஃபேஸ் பிளேட் என்கிற சமன் பார்க்கும் இரும்புப் பலகையைப் பெட்டின் மேல் வைத்து நகர்த்தினால், மேடான இடத்தில் மை ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி சுரண்டல். ஒரு பெட்டுக்கு ஒரு வாரமாகும். அவனளவு பொறுமை எங்களில் யாருக்கும் இல்லை.

அவன் இடுப்பில் எப்போதும் ஒரு விளக்கெண்ணெய்த் துணி இருக்கும். தளத்தைத் தொடும்முன் கையை அதில் துடைத்துக்கொள்வான். பலகாரம் சுடப் போகிறாயா என்று பலமுறை கேலி செய்திருக்கிறேன். ஏன் துடைக்கிறாய் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பளபளப்பாகத் தேய்த்த எஃகுத் தகடு ஒன்றை மேசையில் வைத்தேன். எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவி, உலரவிட்டு, வரிசையாகக் கட்டைவிரலைப் பதிக்க வேண்டும் என்றேன். நல்லப்பன் முறை வந்தபோது தயங்கினான்.

“ஏனுங்க மேஸ்திரி, துணியத் தொட்டுக்கறனுங்க.”

“எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். வெறுங்கை.”

“வெறுங்கையில நான் பெட்டத் தொடறதே இல்லீங்களே.”

சாக்கு சொல்கிறான் என்று நினைத்து, வையப்பா என்று அதட்டினேன். வைத்தான்.

இரண்டாம் நாள் பார்த்தபோது தகட்டில் ஒரே ஒரு விரல்தான் பழுப்பாகியிருந்தது. ரேகை ரேகையாக எண்ணலாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். முதலாளி அன்றைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். துணியை மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, “வாரேனுங்க” என்றான். நான் அடுத்த லேத்தை அளக்கப் போனேன்.

3. உப்பு

இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு லேத் திரும்பி வந்தன. அவை வேறு ஆள் சுரண்டியவை. அதே நான்கு கோடு.

பெட்டியில் போடுமுன் துருப்பிடிக்காமல் இருக்கத் தளத்தின் மேல் கையால் கிரீஸ் இழுப்போம். யுத்தத்துக்கு முன் அது சீமையிலிருந்து டின்னில் வரும். கப்பல் நின்றபின் உள்ளூரில் மாட்டுக் கொழுப்பு வாங்கி உருக்கினோம். அதைப் பார்த்துச் சரி என்றவனும் நான்தான். அன்று அந்தக் கொழுப்பு டின்னில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. கெடாமலிருக்க விற்றவன் உப்புப் போட்டிருக்கிறான். நான்கு கோடு வியர்வையே இல்லை. கிரீஸ் இழுத்த விரல் போன தடம்.

நல்லப்பனின் வியர்வை எஃகைத் துருவாக்கும் என்பது உண்மைதான். எனக்கு முன்பே அது அவனுக்குத் தெரியும். அதற்குத்தான் அந்தத் துணி. அதைப் பிடுங்கி வைத்துவிட்டு நான் அளந்திருக்கிறேன்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கொழுப்பை மாற்றச் சொன்னார். உப்பு என்று வெளியே தெரிந்தால் ஆர்டர் போய்விடும் என்று பயந்தார். “நல்லப்பனை வேணும்னா கூப்பிட்டுக்கோ. எழுத்துல மட்டும் ஒண்ணும் வேண்டாம்,” என்றார்.

4. அவன் கேட்டது

சேந்தமங்கலம் போனேன். எனக்கு முன்பே பட்டறைச் செய்தி போயிருந்தது, ஆனால் வேறு உருவத்தில். தொட்டால் இரும்பே துருப்பிடிக்கிற கை என்று ஊர் பேசியது. முன்பெல்லாம் கடலைக்காய் விதைப்பு என்றால், கைராசிக்காரன் என்று முதல் கை போட அவனைத்தான் நாலைந்து பேர் காட்டுக்குக் கூப்பிடுவார்களாம். அந்த வருடம் ஒருவரும் கூப்பிடவில்லை. பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தல்காலைப் பிடிக்கப் போனவன் கையிலிருந்து யாரோ நைசாக வாங்கிக்கொண்டார்களாம். இதையெல்லாம் சொன்னது அவன் மனைவி.

நான் உப்பு விஷயத்தைச் சொல்லி, வேலைக்கு வா என்றேன். முழுதும் கேட்டுக்கொண்டான்.

“வேலைக்கு வரலீங்க. ஒரு காயிதம் எழுதிக் குடுங்க. என்ற கையில குத்தமில்லீன்னு. ஊர் மணியகாரர் படிச்சுச் சொன்னாருன்னா ஊரு கேட்டுக்கும். முத்திரை வெச்சுக் குடுங்க, சாமி.”

ஃபாக்டரி முத்திரை என் டிராயரில்தான் இருந்தது. ஆனால் அவன் குற்றம் இல்லை என்று எழுதினால், யாருடைய குற்றம் என்ற கேள்வி வரும். முதலாளியைக் கேட்டுச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்கவில்லை. வேலை போய்விடுமே என்று பயந்தேன். இருபத்தேழு வருடம் அதே வேலையில் இருந்து ரிட்டயர் ஆனேன்.

இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். ஒருவனைச் சோதிப்பதானால், அவன் எப்படி வேலை செய்கிறானோ அப்படியே வைத்துச் சோதியுங்கள். தப்பாக அளந்துவிட்டால் அதை எழுதிக் கொடுத்துவிடுங்கள், அன்றைக்கே. அடுத்த வருட விதைப்புக்கும் நல்லப்பனை யாரும் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்கடுத்த வருடம் நான் விசாரிக்கவில்லை.